பிளஸ் டூ பிள்ளைக்குப் பாடப்பிரிவு தேடுவது எப்படி? விருதுநகர், சிவகாசி பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும்போதெல்லாம் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் பட்டியலின் மேல்வரிசையில் இருப்பது நமக்குப் பழகிப்போன செய்தி. பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. 2023-ஆம் ஆண்டிலும் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் முதலிடத்தில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், நம் சமுதாயப் பிள்ளைகளும் அந்த வெற்றியில் பங்கு பெற்றவர்கள்தான். ஆனால் இதே மாவட்டத்தைத்தான் 2018-ல் நிதி ஆயோக் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்த்தது. தமிழகத்தில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டுமே. தேர்வில் முன்னே நிற்கும் மாவட்டம் வாழ்க்கைத் தரத்தில் இன்னும் முன்னேற வேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

மதிப்பெண்ணுக்கும் முன்னேற்றத்துக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. பிள்ளை எந்தப் பாடத்தை எடுத்துப் படிக்கப்போகிறது என்ற முடிவுதான் அந்தப் படி. மே மாதத்தில் ஜுமுஆ முடிந்ததும் பெற்றோர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பையன் 480 மார்க் எடுத்திருக்கான், என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், ஆனால் கேட்கும் காலம் பிந்திவிட்டது. விண்ணப்பிக்கச் சில நாட்களே இருக்கும்போது பாடப்பிரிவைத் தேட முடியாது. கிடைத்ததை எடுக்கத்தான் முடியும். இந்தத் தேடலை இரண்டு ஆண்டுகள் முன்பே வீட்டில் தொடங்குவது எப்படி, அதற்கு நம் மாவட்டத்தில் என்னென்ன உதவிகள் இருக்கின்றன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சேரும் நாளிலேயே பாடம் முடிவாகிவிடுகிறது

அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் முதலில் கல்லூரியில் சேர்கிறார். ஓரிரு ஆண்டுகள் பல பாடங்களையும் படித்துப் பார்த்த பிறகு தன் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார். நம் ஊரில் அப்படி இல்லை. விண்ணப்பப் படிவத்திலேயே பி.காம். என்றோ பி.எஸ்சி. வேதியியல் என்றோ எழுத வேண்டும். சேர்ந்த பிறகு பாடம் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு வருடத்தையும் கட்டிய பணத்தையும் இழந்துதான் மாற முடியும். அங்கே கல்லூரிக்குள் நடக்கும் தேடல் இங்கே பள்ளிக் காலத்திலேயே நடந்தாக வேண்டும்.

உண்மையில் முதல் முடிவு அதற்கும் முன்பே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கப்படுகிறது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதே பாதி வாசல்களைத் திறக்கிறது, மீதியை மூடுகிறது. கணிதமும் இயற்பியலும் இல்லாமல் பொறியியலில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் போக முடியாது. உயிரியல் இல்லாமல் மருத்துவம், நர்சிங் பக்கம் போக முடியாது. அதே நேரத்தில், பிளஸ் டூவுக்குப் பின் படிக்கும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடையில்லை. பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வையும் எந்த குரூப் மாணவரும் எழுதலாம். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இவற்றைத் தெரிந்துகொண்டு குரூப் எடுப்பது வேறு. "ஃபர்ஸ்ட் குரூப்தான் மரியாதை" என்று எடுப்பது வேறு.

பட்டாசு வட்டாரத்தில் இது ஏன் பெரிய விஷயம்?

எந்த ஊரிலும் தவறான பாடப்பிரிவு ஒரு இழப்புதான். நம் பகுதியில் அந்த இழப்பு சற்று வேறு மாதிரியானது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் கல்லூரியை விட்டு நின்ற பையனுக்கு மறுநாளே வேலை கிடைக்கும். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம், பைண்டிங் பட்டறை என்று ஆள் தேவைப்படும் இடங்கள் பல. வாரக்கூலி கையில் வந்த பிறகு திரும்பவும் கல்லூரிக்குப் போவது அபூர்வம். பெண் பிள்ளை நின்றுவிட்டால் அடுத்த பேச்சு திருமணம்தான். பாடம் பிடிக்காமல் முதல் வருடத்தில் நிற்கும் பிள்ளைக்கு இங்கே இரண்டாவது வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

உழைப்பு எதுவும் இழிவல்ல. ஹலாலான உழைப்பைக் கண்ணியப்படுத்திய மார்க்கம் நம்முடையது. ஆனால் பட்டாசுத் தொழிலின் ஆபத்தை நாம் மறைக்கவும் முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. வருமானமும் நிலையாக இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தொழிலாளர் குடும்பங்கள் பட்ட சிரமத்தை மஹல்லாக்களில் நேரில் பார்த்தோம். தன் பிள்ளை வேறொரு தொழிலுக்குப் போகட்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நினைப்பு நிறைவேற, பிள்ளை சேர்ந்த படிப்பை முடிக்க வேண்டும். முடிக்க வேண்டுமென்றால், அது அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் படிப்பாக இருக்க வேண்டும்.

பெயர் வேறு, உள்ளே இருக்கும் பாடம் வேறு

நாம் மத்ரஸாவில் ஓதி முடித்த பிறகு கல்லூரியில் கலைப் பட்டமும் படித்தவர்கள் என்பதால், கலைப் பாடங்களைத் தேடி வரும் பிள்ளைகளிடம் அதிகம் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. அவர்களில் பலர் பாடத்தின் பெயரை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். சில உதாரணங்கள்:

பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தால் சரளமாக ஆங்கிலம் பேசலாம் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இலக்கியம். கவிதை, நாடகம், நாவல், விமர்சனம் என்று நிறைய வாசிக்க வேண்டும். வாசிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது விருந்து. பேச்சுப் பயிற்சி மட்டும் தேவைப்படும் பிள்ளைக்கு அது சுமை.

உளவியல் என்றால் மனிதர்களிடம் பேசி ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறார்கள். அந்தப் பட்டப்படிப்பில் புள்ளியியலும் ஆய்வு முறைகளும் உண்டு. ஆலோசகராகப் பணியாற்ற முதுகலையும் அதற்குரிய பயிற்சியும் தேவை.

பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.இ. கணினிப் பொறியியல் மூன்றும் ஒன்றே என்று பலர் எண்ணுகிறார்கள். முதல் இரண்டும் மூன்றாண்டுப் பட்டங்கள். மூன்றாவது நான்காண்டு. அதில் முதல் வருடமே பொறியியல் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உண்டு. நிரல் எழுதப் பிடித்தும் இயற்பியலில் தடுமாறும் பிள்ளைக்கு பி.சி.ஏ. முடித்து எம்.சி.ஏ. படிப்பது நல்ல பாதையாக அமையலாம்.

பி.காம். படித்தால் உடனே ஆடிட்டர் ஆகலாம் என்பதும் தவறு. பட்டயக் கணக்காளர் தேர்வு தனி. இரண்டையும் சேர்த்துத் திட்டமிடும் பிள்ளை பிளஸ் டூவிலேயே அதற்குத் தயாராக வேண்டும்.

வரலாறு என்றால் வேலை இல்லை என்று ஒதுக்குகிறார்கள். சிவகாசிக்கு அருகே வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் சுடுமண் பொருட்களும் அங்கே கிடைத்தன. வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளையை ஒரு நாள் அங்கே கூட்டிச் சென்றால், அது என்ன வேலை, அதற்கு மேலே என்ன படிக்க வேண்டும் என்பது கண்முன் தெரியும். போட்டித் தேர்வுகளுக்கும் வரலாறு அடிப்படைப் பாடம்.

மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் உதவிகள்

தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி அளவில், 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுதல் இதில் தரப்படுகிறது. பிளஸ் டூ மாணவர்களை அருகிலுள்ள கல்லூரிகளுக்குக் களப்பயணமாக அழைத்துச் சென்று ஆய்வகம், நூலகம், வகுப்பறை ஆகியவற்றைக் காட்டுகிறார்கள். தேர்வு முடிந்தவர்களுக்கு 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியும், தேர்ச்சி பெற்றும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாமும் நடத்தப்படுகின்றன. நம் மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த வீ.ப. ஜெயசீலன் பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாக அலுவலகத்துக்கு அழைத்து, அவர்களின் இலட்சியத்தையும் உயர்கல்வியையும் பற்றிக் கலந்துரையாடிய 'காபி வித் கலெக்டர்' நிகழ்ச்சி 100 முறைக்கு மேல் நடந்தது.

இவற்றைப் பற்றி நம் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளியிலிருந்து களப்பயணத்துக்கு ஒப்புதல் படிவம் வந்தால், "ஊர் சுத்தப் போறியா?" என்று தடுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மாலையில் வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் யார் என்று அறிந்து, வருடத்தில் இரண்டு முறையாவது சந்தியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் சந்தேகம் கேட்கலாம். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடுகள் தாமாக வராது. அங்கே களப்பயணத்தைப் பெற்றோரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஆறு காரியங்கள்

1. கவனியுங்கள். சொல்லாமலே பிள்ளை செய்யும் வேலை எது? கடைக் கணக்கை விரும்பி எழுதுகிறதா, பழுதான மின்விசிறியைக் கழற்றுகிறதா, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித் தருகிறதா, நோயாளிக்குப் பணிவிடை செய்ய முன்வருகிறதா? ஒரு நோட்டில் ஆறு மாதம் குறித்து வாருங்கள். மதிப்பெண் சொல்லாத சில விஷயங்களை அந்த நோட்டு சொல்லும்.

2. பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரிகளும் பாடத்திட்டத்தை இணையத்தில் வெளியிடுகின்றன. விரும்பும் பிரிவின் முதல் பருவத்தையும் கடைசிப் பருவத்தையும் எடுத்து, தாள்களின் பெயர்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். புரியாததைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை இது.

3. கல்லூரியை நேரில் பாருங்கள். விருதுநகரில் 1947-ல் தொடங்கிய வி.இ.நா. செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-ல் தொடங்கிய வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் இருக்கின்றன. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி (1963), ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி (1968), மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி (1984) ஆகியவை இருக்கின்றன. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், விருதுநகரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று பட்டியல் நீளும். அனுமதி பெற்று அந்தத் துறைக்குச் சென்று, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் பேச வையுங்கள். "எந்தப் பாடத்தில் நிறைய பேர் அரியர் வைக்கிறார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். விளம்பரத் தாளில் இல்லாத பதில் கிடைக்கும்.

4. அந்தத் தொழிலில் இருப்பவரைச் சந்திக்க வையுங்கள். ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகவும், இன்னொருவர் இருபது வருடம் அனுபவமுள்ளவராகவும் இருக்கட்டும். காலையில் எத்தனை மணிக்குப் போகிறார், நாள் முழுக்க என்ன செய்கிறார், முதல் சம்பளம் எவ்வளவு, தொழுகைக்கு நேரம் கிடைக்கிறதா, மறுபடி படிப்பதென்றால் இதையே எடுப்பாரா என்று கேட்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் மாமுவிடம் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்தது அவருடைய தொழில் மட்டும்தான்.

5. சிறிய அளவில் முயன்று பார்க்க வையுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாட வீடியோக்கள் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொறியியல் வேண்டும் என்று சொல்லும் பிள்ளை முதல் வருடப் பாடத்தின் நான்கு வகுப்புகளைப் பொறுமையாகப் பார்க்கிறதா என்று பாருங்கள். வணிகவியல் வேண்டும் என்றால் விடுமுறையில் தெரிந்த கடையில் ஒரு மாதம் பில் போட்டு, கணக்கு எழுதட்டும். பட்டாசு, தீப்பெட்டி ஆலைக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவது குற்றம்.

6. மூன்று பெயர்கள் எழுதுங்கள். ஒரே படிப்பில் பிள்ளையின் முழு ஆசையையும் கட்டிவைக்காதீர்கள். விரும்பும் பிரிவு ஒன்று, அதற்கு நெருக்கமான பிரிவு ஒன்று, மதிப்பெண் குறைந்தாலும் உறுதியாகக் கிடைக்கும் பிரிவு ஒன்று. மருத்துவம் கிடைக்காத பிள்ளைக்கு மருந்தியல், நர்சிங், பிசியோதெரபி, ஆய்வக நுட்பம், கதிரியக்க நுட்பம் என்று பல வழிகள் இருப்பதை முடிவு வந்த பிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். முன்பே சொன்னால் திட்டமாக ஏற்கும்.

நம்மைச் சுற்றியுள்ள தொழிலும் ஒரு பாடப்புத்தகம்தான்

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலை நேரில் கற்று வந்தார்கள். ஊர் திரும்பித் தொடங்கிய அந்தத் தொழிலிலிருந்துதான் பட்டாசும் அச்சகமும் வளர்ந்தன. மழையற்ற ஊரில் இருந்தவர்கள், போய்ப் பார்த்து, கற்று, பிறகு தொடங்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் முறையும் இதுவே.

பட்டாசு ஆலையில் கூலி வேலை மட்டுமா இருக்கிறது? பேரியம் இல்லாத கலவை தேவைப்படும் இந்தக் காலத்தில் வேதியியல் படித்தவருக்கு ஆய்வகத்திலும் தரப் பரிசோதனையிலும் இடம் இருக்கிறது. சிவகாசி அருகே ஆனைக்குட்டத்தில் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையமே செயல்படுகிறது. தீ மற்றும் தொழிற்பாதுகாப்புப் படித்தவர் விபத்தைத் தடுக்கும் பணியில் சேரலாம். தன் ஊராரின் உயிரைக் காக்கும் வேலையை விடச் சிறந்த வேலை எது? அச்சுத் தொழிலில் விருப்பமுள்ளவருக்கு கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பப் பொறியியல் இருக்கிறது. சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பயிலகம் இருக்கிறது. ராஜபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி, அருப்புக்கோட்டை நெசவு, இ.குமாரலிங்கபுரத்தில் அமையவிருக்கும் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் ஜவுளித் தொழில்நுட்பமும் கவனிக்க வேண்டிய பாடம்.

பெண் பிள்ளைகளுக்கு

நம் குடும்பங்களில் பெண் பிள்ளைக்குப் பாடத்தைப் பார்ப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறோம். பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் "பக்கத்துக் காலேஜ், எந்த சீட் இருந்தாலும் சரி" என்பது முடிவாகாது. விருதுநகரிலும் சிவகாசியிலும் பெண்களுக்கென்றே நடக்கும் கல்லூரிகளில் கலை, அறிவியல், வணிகம் என்று பல பிரிவுகள் இருக்கின்றன. பஸ் தூரத்துக்குள்ளேயே தேர்ந்தெடுக்க இடமுண்டு. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். பிள்ளையின் இயல்பை அத்தாவை விட அம்மா நன்கு அறிந்திருப்பார்.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல மஹல்லாக்களில் பெண் பிள்ளைகள் பட்டம் முடிக்கிறார்கள், ஆண் பிள்ளைகள் பாதியில் நின்று கடைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார்கள். நின்றவர்களைக் கேட்டால், படிப்பு வராது என்பதை விட, "அந்த சப்ஜெக்ட் எனக்குப் பிடிக்கல ஹஜ்ரத்" என்ற பதிலே அதிகம்.

சான்றிதழும் சலுகையும் எச்சரிக்கையும்

சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழில் அது சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும் தேவை. தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் தனியாக இருக்கின்றன. அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் படித்துவிட்டுக் கல்லூரி செல்லும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒரு பிரிவை ஒதுக்க வேண்டும்.

தேர்வு முடிந்த கோடையில் வீடு தேடி வரும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். நாம் அறிந்த ஒரு தகப்பன் சிவகாசியில் பைண்டிங் வேலை செய்பவர். வீட்டுக்கு வந்த ஒருவர், "ஃபீஸ் குறைச்சுத் தர்றோம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்று சொல்லி, பையனை வெளியூர்க் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்த்துவிட்டார். பையனுக்குப் பிடித்ததோ கணக்கியல். முதல் பருவத்திலேயே திரும்பி வர விரும்பினான். அசல் சான்றிதழ்களைத் தர மறுத்து அலைக்கழித்தார்கள். அவை கைக்கு வருவதற்குள் அந்த வருடமே போய்விட்டது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. இதைத் தெரிந்திருந்தால் அந்தத் தகப்பன் தைரியமாகக் கேட்டிருப்பார். அதற்கும் முன்னால், பாடத்தை முன்பே முடிவு செய்திருந்த குடும்பத்தில் ஏஜெண்டின் பேச்சு எடுபட்டிருக்காது.

மஷ்வராவும் இஸ்திகாராவும்

காரியங்களைக் கலந்தாலோசித்துச் செய்வது இறைநம்பிக்கையாளர்களின் பண்பு என்று குர்ஆன் போதிக்கிறது. பிள்ளையின் படிப்பும் அத்தகைய காரியம்தான். ஆனால் நம் வீட்டு மஷ்வராவில் பெரியத்தா இருப்பார், மாமு இருப்பார், படிக்கப்போகும் பிள்ளை மட்டும் அடுத்த அறையில் இருக்கும். இது ஆலோசனையாகாது. பிள்ளை தன் மூன்று பெயர்களையும், பார்த்து வந்ததையும் அங்கே முதலில் சொல்லட்டும். பிறகு பெரியவர்கள் பேசட்டும்.

இஸ்திகாராவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஒன்றும் விசாரிக்காமல் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, கனவில் பதில் வரும் என்று காத்திருக்கிறார்கள். விசாரித்து, ஆலோசித்து, ஒரு பக்கம் மனம் சாய்ந்த பிறகு, 'இதில் நன்மை இருந்தால் எளிதாக்கு, இல்லையென்றால் திருப்பிவிடு' என்று இறைவனிடம் ஒப்படைப்பதே இஸ்திகாரா. அது உழைப்புக்கு மாற்று அல்ல. உழைப்பின் முடிவில் செய்யும் பிரார்த்தனை.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) சிறு வயதுப் பிள்ளை. பல சூராக்களை மனனம் செய்திருந்த அவருடைய ஆற்றலைக் கண்ட நபியவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி சொன்னார்கள். சுமார் அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் பணி அபூபக்ர் (ரலி) அவர்களால் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஸைதுக்கு எழுத்தும் மொழியும், பிலால் (ரலி) அவர்களுக்கு பாங்கு, காலித் (ரலி) அவர்களுக்குப் படைத் தலைமை. எல்லோரையும் ஒரே வேலைக்கு நபியவர்கள் அனுப்பவில்லை. நாமோ ஒரு தெருவின் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பிரிவுக்கு அனுப்பப் பார்க்கிறோம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

விருதுநகரில் நாடார் சமூகத்தார் மகமை நிதியாலும், வீட்டுக்கு வீடு திரட்டிய பிடி அரிசியாலும் பள்ளிக்கூடம் நடத்திய வரலாறு நம் கண்ணெதிரே இருக்கிறது. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான காமராஜர் படித்தது அப்படி வளர்ந்த சத்திரிய வித்யாசாலாவில்தான். நம்மால் முடிகிற சிறிய காரியங்கள் சில:

மஹல்லாவில் பட்டம் முடித்தவர்கள், படிப்பவர்களின் பட்டியல் ஒன்றைப் படிப்புவாரியாக ஜமாஅத் அலுவலகத்தில் வைக்கலாம். பி.எஸ்சி. நர்சிங் பற்றி அறிய விரும்பும் பிள்ளை யாரிடம் கேட்பது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். அரையாண்டு விடுமுறையில் ஒரு வேன் பிடித்து, பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான பிள்ளைகளைப் பெற்றோருடன் இரண்டு கல்லூரிகளுக்கு அழைத்துச் செல்லலாம். மதுரை வக்ஃபு வாரியக் கல்லூரி, திருநெல்வேலி சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி, இளையான்குடி டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி ஆகியவை ஒரு நாளில் போய் வரும் தூரத்தில் இருக்கின்றன. மார்க்கக் கல்வியோடு பட்டமும் பெற விரும்பும் பிள்ளைக்கு, 1951-ல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபு மொழிப் பட்டப்படிப்பு இருப்பதைக் காட்டலாம். பைத்துல்மாலிலிருந்து கல்லூரிக் கட்டணம் தரும் ஜமாஅத்துகள், அதில் ஒரு சிறு பங்கை இந்த வேனுக்கும் ஒதுக்கினால், கட்டும் கட்டணம் வீணாகாமல் இருக்கும்.

பெற்றோர்களே! இந்த ஆண்டு உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால் உங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலம் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் இருந்தால் ஒரு வருடம். பிளஸ் டூவில் இருந்தாலும் சில மாதங்கள் இருக்கின்றன. இந்த வாரமே ஒரு பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, இஷா தொழுகைக்குப் பிறகு பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த அரை மணி நேரம் அவன் மூன்று வருட உழைப்பைக் காப்பாற்றலாம், அவள் பாதியில் நிற்காமல் பட்டத்தோடு வெளியே வரக் காரணமாகலாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதன் மூலம் ஹலாலான வாழ்வாதாரத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.